பினாங்கில் சஷ்டி முடிந்த நேரம்

பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பினாங்குத் துறையில் இறங்கினேன். ஏழரை என்பது அவ்வூர் மணிக்கூண்டு காட்டிய நேரம். என் பைக்கடிகாரம் ஆறு மணி என்றது. நாகப்பட்டினத்தை விட இங்கே ஒன்றரை மணி முன்னதாக ஓடுகிறது கடிகாரம். கரையில் நின்றபடியே முள்ளைத் திருப்பி வைத்தேன். தேதியிலும் மணியிலும் பிசகு வரக்கூடாது என்பது எனக்குச் சிறு வயது முதல் உள்ள பிடிவாதம். என் நாட்குறிப்பில் மணி போடாத வரி ஒன்றுகூடக் கிடையாது.

நான் வந்த வேலை சிறியது. என் சிற்றப்பா மகன் சாம்பசிவம் பினாங்கில் குமாஸ்தா. ஊரிலுள்ள எங்கள் பொது வீட்டைப் பிரிப்பதற்கு ஒரு பத்திரத்தில் அவன் கையெழுத்து வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் அது முடிந்துவிட்டது. திரும்புவதற்கு நான் சீட்டு எடுத்திருந்த கப்பலுக்கோ பத்து நாளுக்கு மேல் இருந்தது. அதனால்தான் இந்தக் குறிப்புகளை எழுத நேர்ந்தது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்குச் சாம்பசிவம் என்னை நாடகக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். நம் ஊரில் நாடகம் என்றால் வீட்டில் சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பத்து மணிக்கு மேல் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவோம். இங்கே ஏழரைக்கே திரை தூக்கிவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் விடியுமுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறவர்கள். வேலை விட்டு நேரே வருகிறார்கள். ஆகவே கொட்டகையைச் சுற்றியுள்ள சந்து முழுவதும் ஒரே சாப்பாட்டு மணம்.

மூங்கில் சில்லைத் தட்டிக்கொண்டு சேமியாக் கஞ்சி போன்ற ஒன்றை விற்கும் சீனர்கள், குச்சியில் இறைச்சி கோத்துச் சுடும் மலாய்க்காரர்கள், தோளில் தண்டு போட்டு முன்னால் சோற்றுக் கூடையும் பின்னால் குழம்புப் பானைகளுமாக வரும் நம் தமிழ் முஸ்லிம்கள். எல்லோரைச் சுற்றியும் கூட்டம்.

"இத்தனை பேரும் வெளியிலேயா சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"முக்காவாசிப் பேருக்கு அடுப்பே கிடையாது அண்ணே. பொண்டாட்டி பிள்ளைங்க ஊர்ல. இங்க தெருதான் அடுப்பங்கரை" என்றான் சாம்பசிவம்.

இறைச்சி சுடுபவரிடம் ஒரு மலாய்க் குதிரைவண்டிக்காரர் எதையோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். சாம்பசிவம் தமிழில் சொன்னான்: "நேத்து ராஜா காட்டுல அழுவுற இடத்துல எனக்குப் பசி எடுத்து, பாதியில எழுந்து வந்துட்டேன். இன்னிக்கு இன்னும் நாலு குச்சி குடு, அவரு நல்லா அழுவட்டும்."

நான் படித்த யாத்திரைப் புத்தகங்கள் பலவும் கோயிலையும் கோட்டையையும் பக்கம் பக்கமாக வருணிக்கின்றன. ஒரு ஊரார் பாட்டுக் கேட்கப் போகுமுன் என்ன தின்கிறார்கள் என்று அவற்றில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. வயிறு நிறைந்தவன் கேட்கிற பாட்டும் பசித்தவன் கேட்கிற பாட்டும் ஒன்றல்லவே. பாடுகிறவனுக்கும் அது பொருந்தும் என்பதை இரண்டு நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று ராஜா வேஷம் கட்டியவர் தருமலிங்கம். என்னோடு ஒரே கப்பலில் வந்தவர். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். கப்பல் தளத்தில் அவர் மெல்ல முணுமுணுத்தாலே பக்கத்துப் பாய்க்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஆனால் ஞாயிறன்று அந்தக் குரல் வரவில்லை. கடற்காற்றோ, மாறிய தண்ணீரோ, மேலே போகும் இடமெல்லாம் கம்மியது. பின் பெஞ்சிலிருந்து "சத்தம்! சத்தம்!" என்று கத்தினார்கள். முந்தின நாளும் அப்படித்தானாம். கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ராவுத்தர், பக்கத்து வாசலில் கைகட்டி நின்று கடைசிவரை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திங்களன்று மதியம், பினாங்கு வீதிக்குப் பின்னாலிருக்கும் மங்களம் அக்காவின் சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஆறு இலை போடுகிற அளவுக்கு ஒரே அறை. அக்கா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்து இருபது வருஷம் ஆகிறதாம். நாற்பது வயதுக்காரரும் அவரை அக்கா என்கிறார், அறுபது வயதுக்காரரும் அக்கா என்கிறார். அவர் எல்லோரையும் அதட்டுகிறார். தருமலிங்கம் அங்கே உட்கார்ந்திருந்தார். மோருக்குக் கை நீட்டியவரை அக்கா தடுத்தார்.

"பாடுற தொண்டைக்கு மோரா? மிளகு ரசம் இருக்குலா, அதக் குடி. குரல் போச்சுன்னா ராவுத்தரு உன்ன விட்டு என்னைத்தான் பாடச் சொல்லுவாரு. கேக்குறவங்க கதி என்னாவறது?"

எல்லோரும் சிரித்தார்கள். தருமலிங்கம் சிரித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "நாளைக்குத்தான் அண்ணே கடைசி. நாளைக்குக் குரல் எழும்பலைன்னா புதன்கிழமைக் கப்பல்ல ஏத்தி விட்டுடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. ஊருப் பக்கம் எனக்கு ஒரு நாடகக் கம்பெனியும் இல்ல. இருந்த இடத்த விட்டுட்டுத்தான் வந்தேன்."

பிறகு என்னிடம் ஓர் உதவி கேட்டார். நாளை சஷ்டி. பதினேழு வயதில் குரல் உடைந்து ஒரு வருஷம் திரும்பாமல் கிடந்தபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டாராம், சஷ்டிதோறும் திதி முடிகிற வரையில் தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை என்று. கப்பலில் என் கையில் பஞ்சாங்கம் பார்த்திருந்தார். "எத்தனை மணிக்கு முடியுதுன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணே. ஆறு மணிக்கெல்லாம் முகத்துக்கு அரிதாரம் பூச உக்காந்துடணும். பூசிட்டா அப்புறம் வாயில ஒண்ணும் வைக்க முடியாது."

பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். சஷ்டி, சூரிய உதயத்திலிருந்து இருபத்தேழரை நாழிகை. அதாவது பதினோரு மணி நேரம். அன்று காலை உதயத்தை நானே பார்த்துக் குறித்திருந்தேன், ஆறு இருபது. பதினொன்றைக் கூட்டி, ஒரு துண்டுக் காகிதத்தில் "மாலை 5-20" என்று எழுதி அவரிடம் கொடுத்தேன்.

அவர் முகம் தெளிந்தது. "அஞ்சே காலுக்கு மேல சாப்பிட்டா ஏழரைக்கு வயிறு லேசாயிடும். முருகனே பாத்துக் குடுத்த நேரம் அண்ணே."

"அஞ்சு இருபதுக்கு இலை போட்டு வெக்கிறேன்" என்றார் அக்கா. "ரசஞ்சோறு, பருப்பு, கொஞ்சம் இடியாப்பம், பால். வேற ஒண்ணும் கேக்கக் கூடாது."

செவ்வாய் பிற்பகல் சாம்பசிவம் வேலைக்குப் போயிருந்தான். ஆயர் ஈத்தாம் சாலையில் இருக்கும் அவன் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதினேன். மணி நாலு இருபது. "இதை எழுதும் இந்த நேரத்தில் உங்களுக்கு இரண்டு ஐம்பது. அடுக்களையைக் கழுவிவிட்டு நீ சற்றுக் கண்ணயர்ந்திருப்பாய்" என்று மனைவிக்கு எழுதிக்கொண்டு வந்தவன், பேனாவை நிறுத்திவிட்டேன்.

இங்கே விடிந்து ஒரு மணிக்கு மேல் ஆன பிறகுதான் எங்கள் ஊரில் விடிகிறது. பஞ்சாங்கம் கணித்தவர் எங்கள் பக்கத்துச் சூரியனை வைத்தல்லவா நாழிகை எண்ணியிருப்பார்? நான் பினாங்குச் சூரியனிலிருந்து எண்ணிவிட்டேன். பஞ்சாங்கத்தில் போட்டிருந்த ஊர் உதயம் ஆறு பதின்மூன்றிலிருந்து எண்ணி, கடிகார வித்தியாசத்தையும் சேர்த்தால் சஷ்டி முடிவது இங்கே ஆறு நாற்பத்துமூன்றுக்கு. நான் எழுதிக் கொடுத்ததற்கும் அதற்கும் ஒரு மணி இருபத்துமூன்று நிமிஷம் இடைவெளி. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

கடிகாரத்தைத் திருப்பி வைக்கத் தெரிந்தவனுக்குப் பஞ்சாங்கத்தைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை.

நாலரைக்கு டிராமில் ஏறினேன். கால் மணி ஓடியிருக்கும். தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அச்சு முறிந்து தண்டவாளத்தின்மேல் சாய்ந்து கிடந்தது. டிராம் நின்றது. தேங்காய்கள் உருண்டோடின. ஓட்டுநர் ஒருபுறம் கத்த, வண்டிக்காரர் மறுபுறம் கத்தினார். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் ஒருவர் ஏதோ சொல்ல, முன்னால் இருந்த தமிழர் எனக்கு எடுத்துச் சொன்னார்: "மாடு மட்டுந்தான் சும்மா நிக்குதாம். அதுக்குத்தான் புத்தி இருக்குதாம்."

நடத்துநர் வந்து, நேரமாகும், இறங்கி நடப்பவர்கள் நடக்கலாம் என்றார். பலர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

இதை மறைக்காமல் எழுதவேண்டும். மணி நாலு நாற்பத்தெட்டு. இங்கேயே உட்கார்ந்திருந்தால் ஐந்து இருபது தாண்டிவிடும். அவர் சாப்பிட்டுவிடுவார். தெரியாமல் சாப்பிட்டவருக்குக் குற்றம் இல்லை. வயிற்றில் சோறு இருக்கும், குரல் எழும்பும், பிழைப்பு நிலைக்கும். என் கணக்குப் பிழையும் யாருக்கும் தெரியாது. டிராம் நின்றது என் குற்றமா? இப்படியெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். எண்ண எண்ண, எனக்கு உண்மையில் பிடித்திருந்தது அந்தக் கடைசிக் காரணம்தான் என்பது புரிந்துவிட்டது. அவர் வயிற்றை முன்னால் நிறுத்தி என் பிழையை அதன் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

நாலு ஐம்பத்தொன்பதுக்கு இறங்கி நடந்தேன். அரை மைல் போன பிறகு ஒரு ரிக்‌ஷா கிடைத்தது. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருபத்தாறு.

இலை போட்டிருந்தது. சோறு வைத்து, ரசம் ஊற்றி, ஆவி பறந்துகொண்டிருந்தது. தருமலிங்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலியில் ராவுத்தர்.

"வாங்கண்ணே வாங்க!" என்றார் அக்கா. "உங்களுக்காகத்தான் இந்தப் புள்ள சோத்த ஆறவிட்டுட்டு உக்காந்திருக்கு."

"நேரம் பாத்துக் குடுத்தவரு வராம எப்படி அக்கா கை வெக்கிறது?" என்றார் தருமலிங்கம். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

நின்றபடியே சொன்னேன். "தம்பி, தவறு செய்துவிட்டேன். சஷ்டி இன்னும் முடியவில்லை. ஆறு நாற்பத்துமூன்றுக்குத்தான் முடிகிறது." எங்கே தவறினேன் என்பதையும் விளக்கினேன்.

அக்காதான் முதலில் வெடித்தார். "இத வந்து சொல்றதுக்கு இவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஓடி வந்தீங்களா? ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?"

ராவுத்தர் கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு பேசினார். "தம்பி, நான் சொல்றதக் கேளு. நாங்களும் நோன்பு புடிக்கிறவங்கதான். நாகூர்ல எங்க ஆளுங்க நோன்பு தொறக்குற நேரத்துக்கா இங்க நாங்க தொறக்குறோம்? எந்த மண்ணுல நிக்கிறமோ அந்த மண்ணுல சூரியன் எறங்குனா தொறந்துட வேண்டியதுதான். இவரு இந்த ஊருச் சூரியன வெச்சுத்தானே எண்ணியிருக்காரு? சரியாத்தான் எண்ணியிருக்காரு. சாப்புடு."

எனக்கே அது நியாயமாகப் பட்டது. தருமலிங்கம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நோன்பு சூரியனோட, முதலாளி. என்னோடது திதியோட" என்றார் கடைசியில். "சூரியன் ஊருக்கு ஊரு வேற நேரம். திதி அப்படி இல்ல. அது முடியிறப்ப எல்லா ஊருக்கும் ஒண்ணாத்தான் முடியுது. அப்படித்தானே அண்ணே?"

அவர் கேட்டது என்னை. அப்படித்தான் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அவர் இலையை மடிக்கவில்லை. மெதுவாக முன்னால் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "தெரியாம சாப்பிட்டிருந்தா முருகன் மன்னிச்சிருப்பாரு. இப்பத் தெரிஞ்சு போச்சே" என்றார். என்மேல் கோபம் இருந்ததா என்று அவர் குரலில் தேடினேன். களைப்புத்தான் இருந்தது.

ராவுத்தரும் எழுந்தார். "உன் விரதத்துல நான் கை வெக்க மாட்டேன். ஆனா கொட்டகையில நானூறு பேரு உக்காந்திருப்பான், அவனுக்குத் திதி தெரியாது. நேத்துச் சொன்னதுதான். குரல் எழும்பலைன்னா நாளைக்குக் கப்பல்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தருமலிங்கமும் கொட்டகைக்கு நடந்தார். நான் அங்கேயே நின்றேன். அக்கா அந்தச் சோற்றை எடுத்து வேறு யாருக்கோ போட்டுவிட்டு, மறுபடியும் உலை வைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நிக்காதீங்கண்ணே. அந்த அம்மியில நாலு மிளகு தட்டுங்க."

ஆறரைக்கு நாங்கள் இருவரும் கொட்டகையின் பின்பக்கத்தில் இருந்தோம். அக்கா கையில் தூக்குப்பாத்திரம், என் கையில் கடிகாரம். தருமலிங்கத்துக்கு முக்கால் முகம் பூசியாகிவிட்டது. நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சளும் சிவப்பும், புருவத்தில் கறுப்பு. கையிலும் பூசி வளையங்கள் மாட்டி, தலையில் கிரீடமும் வைத்திருந்தார்கள். உதட்டை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளும்படி ஒப்பனைக்காரரிடம் அக்கா அதட்டி வைத்திருந்தார்.

"இப்பவா?" என்றார் அக்கா.

"இன்னும் ஆறு நிமிஷம்."

"உங்க நிமிஷத்துக்கு ஒரு கோயில் கட்டிக் கும்பிடணும்."

ஆறு நாற்பத்துமூன்றுக்குத் தலையசைத்தேன். தருமலிங்கம் கண்ணை மூடி எதையோ சொல்லிக்கொண்டார். கையில் சாயம் இருந்ததால் அவரால் எடுத்துச் சாப்பிட முடியாது. அக்கா ரசஞ்சோற்றைச் சிறு சிறு உருண்டையாக உருட்டி, முகத்தில் படாமல் வாயில் போட்டார். கிரீடம் வைத்த ராஜா அண்ணாந்து வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார். எண்ணினேன், பதினோரு உருண்டை. "போதும் அக்கா, மேல போனா பாட முடியாது" என்றார். பிறகு உதட்டுக்குச் சாயம் வைத்தார்கள்.

ஏழரைக்குத் திரை எழுந்தது. நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். அதுவரை எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். அன்று பாட்டை நான் கேட்கவில்லை. ஒவ்வோர் அடியிலும் பசி எங்கே தெரிகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்தது. முதல் பாட்டில் மேல் ஸ்தாயிக்கு ஏறாமல் கீழேயே சுற்றிவிட்டு முடித்தார். "சத்தம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பிறகு இரண்டு குரல்கள்.

அடுத்து அவருடைய இரண்டாவது பாட்டு வரவேண்டும். ஆனால் திரைக்குள்ளிருந்து பபூன் குதித்து வந்தான். ஞாயிறன்று அந்த இடத்தில் பபூன் கிடையாது. மாட்டுவண்டி டிராமை மறித்த கதையை அன்றைய செய்தியாக அளக்க ஆரம்பித்தான். தேங்காய் பொறுக்கினான், மாடாக நின்றான், நடத்துநராகக் கத்தினான். கூட்டம் புரண்டு சிரித்தது. கால் மணி ஆகியும் அவன் போகவில்லை. பக்கத்து வாசலில் ராவுத்தர் நின்றிருந்தார். பபூன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் விரலைச் சுழற்றினார், இன்னும், இன்னும் என்று. இருபத்தெட்டு நிமிஷம் கழித்துத்தான் விரலை மடக்கினார்.

தருமலிங்கம் மறுபடி வந்தார். காட்டில் ராஜா தனியே நின்று பாடும் இடம். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. கப்பல் தளத்தில் கேட்ட அதே குரல், மெல்லக் கீழே தொடங்கி, கொட்டகையின் தகரக் கூரை வரை ஏறி அங்கேயே நின்றது. பின் பெஞ்சுகளில் இருமல்கூட இல்லை. அவர் இறங்கி வந்து முடித்ததும், சத்தம் கேட்டவர்களே "ஒன்ஸ் மோர்" கேட்டார்கள். ராவுத்தரைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது போலும்.

புதன்கிழமைக் கப்பல் காலை பத்து மணிக்குப் புறப்பட்டது. பன்னிரண்டரை மணிக்கு நான் அக்காவின் கடைக்குப் போனபோது தருமலிங்கம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் பசை காயாத நோட்டீஸ் ஒன்று. வருகிற சனிக்கிழமை நாடகத்துக்கு அவர் பெயரை மற்றவர் பெயர்களுக்கு மேலே போட்டிருந்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம். நோட்டீஸ் ஒட்டுபவரைப் பார்த்துத்தான் இவருக்கே தெரியுமாம்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் பருப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, வேறு நான்கு பேருக்குச் சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். என் பக்கம் வரவில்லை.

"அக்கா, எனக்கு?" என்றேன்.

"உங்க ஊருல இப்பப் பதினோரு மணிதானே அண்ணே ஆவுது?" என்றார் அக்கா, கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. "ஒன்றரை மணி நேரம் பொறுங்க. நேரம் வந்ததும் போடுறேன்."

தருமலிங்கத்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். கடை முழுவதும் அந்தச் சிரிப்பு நிறைந்தது. பிறகு தம் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் வெறும் இலையில் வைத்தார்.